பின்சுவர்க் குழாய்

உழவர்கரைப் பண்ணை வீட்டை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பின்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மண்குழாயைக் காட்டி, "மழைத்தண்ணி போறதுக்கு வச்சது மேடம். அப்பவே எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க!" என்று பூரித்தாள் வழிகாட்டிப் பெண்.

எனக்குப் புளித்த கூழின் வாசனை மூக்கில் ஏறியது. நாற்று நட்ட சேறு காயாத கையோடு அம்மா அந்தக் குழாயின் கீழ் சட்டியை ஏந்தி நிற்பாள். உள்ளேயிருந்து "எவடி அது?" என்று முதலாளியம்மாவின் குரல் வரும், பிறகு கூழ் வரும். எங்கள் சட்டி பட்டால் தீட்டாம். அதற்காகவே சுவரைத் துளைத்துப் பதித்த குழாய் அது. அந்தக் குரலின் முகத்தை அம்மா கடைசிவரை பார்த்ததில்லை. நான் இன்றுதான் பார்த்தேன், கூடத்தில், மாலை போட்ட படமாக.

குழாயின் கீழ் இரு கைகளையும் ஏந்தினேன்.

"இப்ப அதுல தண்ணி வராது மேடம்."

"எப்பவுமே தண்ணி வந்ததில்ல. கூழுதான் வந்துச்சு. அத எழுதி ஒட்டும்மா."