ஓவனில் வைக்காத பாட்டில்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பளபளா அக்கா. கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவிக் கொடுப்பது வேலை. தான் கழுவியதில் ஒரு பொட்டு அழுக்கைக் காட்டிவிட்டால் பேரையே மாற்றி வைத்துக்கொள்வதாகச் சவால் விடுவாள்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. அக்காவுக்கு அவள் பாப்பா. மூளையில் காவலுக்கென்றே சில செல்கள் உண்டு. கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் அவற்றின் மேல் இருக்கின்றன. மூளையின் சொந்தப் புரதமே உருக்குலைந்து கசிந்தால், அதையும் கிருமி என்று நினைத்து அந்த ஏற்பிகள் பொங்கி எழுமா? இதுதான் பாப்பாவின் கேள்வி. "வீட்டு ஆளையே திருடன்னு நினைச்சு சாத்துற கூத்துக்கா" என்று அக்காவுக்குப் புரியவைத்திருந்தாள்.

புரதம் வைக்கிற பாட்டிலுக்குத் தனிச் சட்டம். நீராவியில் வேகவைத்தால் கிருமி சாகும். செத்த கிருமியின் தோல் துணுக்கு கண்ணாடியிலேயே ஒட்டிக்கிடக்கும். அது பட்டாலே ஏற்பிகள் கூப்பாடு போடும். அதனால் நீராவிக்குப் பிறகு ஓவனில் வைத்து அதையும் பொசுக்க வேண்டும். ஒருநாள் நாத்தனார் வருகிறாள் என்ற அவசரம். கண்ணாடி பளிச்சென்றுதானே இருக்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று ஓவனைத் தொடாமலே பாட்டில்களை அலமாரியில் அடுக்கிவிட்டு அக்கா கிளம்பிவிட்டாள்.

அவற்றில் வைத்த புரதம் பட்டதும் செல்கள் கொதித்தெழுந்தன. பாப்பா துள்ளிக் குதித்தாள். அடுத்தடுத்த முறை, ஒழுங்காக ஓவனில் வைத்த பாட்டில்களில் செய்தபோது செல்கள் லேசாக முனகியதோடு சரி. ஆய்வுக்கூடத் தலைவர் எல்லார் முன்னாலும் பாப்பாவை வெளுத்து வாங்கினார்.

"முதல் தடவை நம்பரை நீயாத்தான் ஏத்திப் போட்டிருக்கே. பொய் சொல்றவங்களுக்கு இங்க இடமில்லை."

"சத்தியமா இல்லை சார்!"

கழுவுதொட்டிப் பக்கம் நின்ற அக்காவுக்குப் பொட்டில் அறைந்த மாதிரி விளங்கிவிட்டது. சொன்னால் வேலை போய்விடுமே! வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள், பாவி. பாப்பா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அதற்குப் பிறகு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்ட வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தாள். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் இரண்டு விதப் பாட்டிலிலும் செய்து பார்த்தார். ஓவன் காணாத பாட்டிலில் பெருங்கொதிப்பு. ஓவனில் வைத்ததில் அதே மெல்லிய முனகல். புரதம் இல்லாத வெறும் நீரில் அதுவும் இல்லை. ஆக, மூளையின் சொந்தப் புரதம் தானாகவே ஏற்பியைத் தட்டுகிறது. சின்னதாக இருந்தாலும் பாப்பா தேடிய பதில் அதுதான். தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கூப்பிட்டபோது பாப்பா ஃபோனை எடுக்கவில்லை. அக்கா கூப்பிட்டதும் எடுத்தாள்.

அழுதுகொண்டே அக்கா எல்லாம் சொல்லி முடித்தாள். "சார் உன்னைத் திரும்ப வரச் சொல்றாரும்மா."



"அக்கா, அவர் என்னைத் திட்டினப்போ நீங்க அங்கதானே நின்னீங்க? அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

"எனக்காக ஒருத்தராவது பேசுவாங்களான்னு உங்களைத்தான்கா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாப்பா ஃபோனை வைத்துவிட்டாள்.