நாலாயிரத்துத் தொண்ணூற்றேழாவது பதிவு

மருத்துவமனைப் பதிவறைக் குமாஸ்தாவைக் ‘கமா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு சீட்டில் கமா விட்டுப்போனதற்காகப் பெரிய டாக்டரையே மாடிப்படி வரை விரட்டிப் போய்ப் போடவைத்தவர். முப்பத்தொரு வருட வேலையில் தான் எழுதிய ஒரு வரியைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அறுவைக்கு வருபவர்களில் யாருக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும் ஒவ்வாமைப் பதிவேடு அவர் பொறுப்பு. பதினோரு வருடங்களுக்கு முன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். “சோதனைக்கு யாரையாவது போடுங்க சார்” என்றார் புரோகிராமர். கமா தன் தங்கையைப் போட்டார். எண் 1: பெனிசிலின், உயிராபத்து. ஏழு வயதில் ஒரே ஊசியில் அவளுக்குத் தொண்டை வீங்கி உதடு நீலம் பாரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். எண் 2 புரோகிராமரேதான். அவருக்குச் சல்பா மருந்து ஆகாது.

“இதுல எத்தனை பேர் அடங்குவாங்க?” என்று கேட்டார் கமா.

“பட்டியலுக்கு மெமரியில அறுபத்துநாலு கிலோபைட் இடம். ஆளுக்குப் பதினாறு பைட். நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பேர். அதுக்கு மேல இந்த மெஷினுக்கு இடத்தை எண்ணத் தெரியாது. கார் மீட்டர் மாதிரி சுத்தி மறுபடியும் சைபருக்கு வந்துடும்.”

“வந்தா?”

“அதுவரைக்கும் இந்தப் பெட்டி உசிரோட இருந்தா, என் பேரை மாத்திக்கறேன் சார்!”

கமா அதை நோட்டில் குறித்துவைத்தார். அந்த நோட்டு நிரம்பி, கட்டுக் கட்டப்பட்டு, அலமாரி உச்சிக்குப் போய்ப் பல வருடமாயிற்று.

அன்று பத்தரைக்குத் தங்கைக்குப் பித்தப்பை அறுவை. காலையில் அவள் கட்டிலருகே நின்று கமா சொன்னார்: “நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. ஆளுக்கொண்ணு சொன்னாத்தான் குழப்பம். எல்லாம் கம்ப்யூட்டர் சீட்டுல வரும்.”

“சரிண்ணா. வாயைத் தச்சுக்கறேன். வயித்தை அவங்க தைக்கட்டும்.”

ஒன்பது நாற்பதுக்கு ஒரு லாரி ஓட்டுநரைப் பதிந்தார். எண் 4097, ஒவ்வாமை: இல்லை. வழக்கம்போலப் பட்டியலின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அச்சடித்தார். சரிபார்ப்பது கடைசிப் பக்கத்தை மட்டுமே. பழைய பதிவு மாறாது என்பது அந்த அறையின் நம்பிக்கை. ஓட்டுநரின் வரி சரியாக இருந்தது. ‘டிக்’ போட்டார்.

பத்து இருபத்தொன்றுக்குத் தாளைக் கிழித்துக் கோப்பில் வைக்கும்போது முதல் பக்கம் மேலே வந்தது.

எண் 1. ஒவ்வாமை: இல்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இல்லை. கார் மீட்டர் சுற்றிவிட்டது. ஓட்டுநரின் ‘இல்லை’ தங்கையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அறுவை அறைச் சீட்டு பத்து மணிக்கே மேல்மாடி அச்சுப்பொறியில் விழுந்திருக்கும்.

தொலைபேசியை எடுத்தார். அறுவை அறை லைனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடினார். நாற்பத்திரண்டு படிகள். இருபதாவது படியில் மூச்சு அடைத்தது. அவளுக்கும் இப்படித்தான் அடைக்கும் என்ற நினைப்பு மிச்சப் படிகளிலும் அவரை இழுத்துக்கொண்டு போனது.

“செருப்போட உள்ள வராதீங்க, கமா சார்!” கதவருகே நர்ஸ் மறித்தாள்.

“ஊசி... பெனிசிலின்... போட்டாச்சா?”

“கிருமி தொத்தாம இருக்கப் போடுறதா? உள்ள போட்டுட்டிருப்பாங்க. சீட்டுல ‘இல்லை’ன்னு இருக்கே. உங்க சீட்டுதானே?”

“என் சீட்டு தப்பும்மா.”

இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. மறுபேச்சுப் பேசாமல் உள்ளே பாய்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. கமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏதோ தட்டு கீழே விழும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

கதவு திறந்தது. நர்ஸ் கையில் ஊசி. மருந்து குறையாமல் அப்படியே இருந்தது.

“ஏத்தலை சார். நரம்பு கிடைக்காம ரெண்டு தடவை குத்திட்டு, மூணாவதா இன்னொரு கையைத் தட்டிட்டிருந்தாங்க.”

அவளுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல்: “அண்ணா! வாயைத் தச்சுக்கிட்டதுக்குக் கையில ரெண்டு ஓட்டை!”

கமாவால் சிரிக்க முடியவில்லை. சீட்டில் ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘பெனிசிலின், உயிராபத்து’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தார்.

திரையில் ‘அடுத்த எண்: 4098’ என்பதன் பக்கத்தில் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஓர் அம்மா. “சார், என்னைப் பதிஞ்சுக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் ஒத்துக்காம போனதில்லை.”

அந்த ‘ஒண்ணும்’ எண் 2-இல் யார் தலையில் போய் விழும் என்று அவருக்குத் தெரியும். விசைப்பலகையின் வயரை உருவினார். புது நோட்டை எடுத்து விரித்தார்.

“பேர் சொல்லுங்கம்மா.”

எழுதியது தங்கையின் பேர். முதல் வரியையே அடித்துத் திருத்தவேண்டியிருந்தது.