அம்மா கேட்ட பசை

அம்மாவுக்கு வனத்துறை அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டும் வேலை. நான் பசைத் தொழிற்சாலையில் வேதியியலாளர். போன மாதம் போனில் கேட்டாள்: "ஏன்டா, யானை கட்டி இழுத்தாலும் வராத பசை உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கும்மா?"

"செருப்பு பிஞ்சுபோச்சு."

ஒரு டப்பா அனுப்பினேன். அடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டாள். செருப்பின் வார் இன்னும் ஊக்கில்தான் தொங்கியது. டப்பாவோ காலி. அப்படியானால் எதை ஒட்டினாள்?

துக்கம் விசாரிக்க வந்த அலுவலக ஓட்டுநரிடம் கேட்டேன். துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்தார்.

"பொதுக் காட்டை சுரங்கக் கம்பெனிக்கு விக்கிறாங்க தம்பி. ஜனங்ககிட்ட ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்டணும்னு சட்டம். 'ஒட்டு, போட்டோ எடு, உடனே கிழிச்சிடு'ன்னார் அதிகாரி. அக்கா பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டினாங்க, போட்டோவும் எடுத்தாங்க. 'கிழிக்கத்தான் வரமாட்டேங்குது சார்'னு கைய விரிச்சிட்டாங்க."

பேருந்து நிலையத்துக்குப் போனேன். நோட்டீஸைச் சுற்றிச் சுவரெல்லாம் சுரண்டிய கீறல்கள். எழுத்துகள் மட்டும் தப்பியிருந்தன. ஒரு பெண் அதன் முன் நின்று, ஆட்சேபணை அனுப்ப வேண்டிய முகவரியைப் போனில் யாருக்கோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனதும் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.