நியாயமான விலை

கடைசிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் லொரெய்ன் குபியாக் தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைத் தேவாலயத்தின் பின்புறம் நிறுத்துவாள். பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் காபி. அப்புறம் வானொலிக்கு ஃபோன். விளையாட்டு நிகழ்ச்சி நடத்தும் பெர்னிக்கு அவள் குரல் தெரியும், ஊருக்கே தெரியும்.

பல வருடங்களாக ஒரே பல்லவிதான். நம் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு உருப்படியான குவார்ட்டர்பேக் கிடையாது. ஆட்டத்தை நடத்துகிறவனே சொத்தை. "கப்பல் நெறைய ஆளு இருந்து என்ன, சுக்கான் பிடிக்க ஒருத்தன் இல்லியே! டிராஃப்ட்ல நம்ம முறையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு ஒரு நல்லவன வாங்குங்கய்யா!"

டிராஃப்ட் என்பது வசந்தகாலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கும் திருவிழா. முறையை விற்கலாம், மாற்றலாம்.

"அத்தனையும் குடுத்துட்டா நாளைக்கு?" என்பான் பெர்னி.

"நாளைக்கு நாளைக்குன்னே எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு."

இந்த வருட டிராஃப்டில் அவள் மகன் நோலனும் இருக்கிறான். குவார்ட்டர்பேக் மேல் யாரும் விழாமல் மறித்து நிற்கிறவன். கதவு மாதிரி உடம்பு. இரண்டாம் சுற்றில் அவனை எடுப்பதாக நம் அணி சொல்லியனுப்பியிருந்தது. வெளியூரில் படித்த பிள்ளை வீட்டோடு வந்துவிடுவான் என்று லொரெய்னுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் அறைக்குப் புது வண்ணம்கூட அடித்துவிட்டாள்.

திங்களன்று செய்தி வந்தது. அணி பெரிய குவார்ட்டர்பேக் ஒருவனை வாங்கிவிட்டது. விலை, மூன்று வருடத்து முதல் சுற்று முறைகள். கூடவே இந்த வருடத்து இரண்டாம் சுற்று முறையும். அந்த முறை இப்போது தூரத்துப் பாலைவன ஊரின் அணிக்கு. நோலனை அவர்கள்தான் எடுப்பார்கள் என்று பேச்சு.

டிப்போவில் கூடப் பேருந்து ஓட்டும் டுவெய்ன் சும்மா விடுவானா? "தாயே, நீ கேட்ட வரம்தான! இப்ப என்ன, வாயில கொழுக்கட்டையா?"

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"சொல்லுங்க லொரெய்ன்," என்றான் பெர்னி, தயங்கித் தயங்கி. "வெல ஜாஸ்தியா?"

ஆமாம் என்றால் ஊரில் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"இல்ல பெர்னி. நியாயமான வெலதான். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்."

"நோலன்?"

"அவன் எங்க போனாலும் நின்னுக்குவான். புதுசா வாங்கின பையன் மேல யாரும் விழாம பாத்துக்கச் சொல்லுங்க. அதுக்குத்தான் இப்ப ஆளில்ல."

ஃபோனை வைத்தாள். தலையிலிருந்த அணியின் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து மறுபடியும் மாட்டி, கண் மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.