பார்க்கிங் வரைக்கும் போன மனுசன்

எங்க டிரைவர் மாமா பாக்காத ஊரே கெடையாதுன்னு சொந்தக்காரங்க அத்தன பேரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். என் சின்ன அக்காவக் கட்டினதுக்கு முன்னாடியிலேருந்தே டூரிஸ்ட் வேன் ஓட்டறாரு. மலை, கடல், அருவி, அணைன்னு அந்த வேன் போகாத எடம்னு ஒண்ணு இருந்தா, அங்க இனிமேதான் ரோடு போடணும்.

ஒரு தடவ அவரோட கிளீனருக்குக் காய்ச்சல். என் பஞ்சர் கடைய இழுத்துச் சாத்திட்டு நான் கூடப் போனேன். மலை மேல பெரிய அருவி. பார்க்கிங்ல வேன் நின்னதுதான் தாமதம், உள்ள இருந்த கூட்டம் பூராவும் குதிச்சுது. குதிச்சவங்க நேரா அருவிக்கா போனாங்க? மாமாகிட்ட வந்தாங்க.

"டிரைவர், இந்த வாட்ச வச்சுக்கங்க."

"டிரைவர், செயின் பத்திரம்."

"டிரைவர், போனு. டிரைவர், பர்சு. டிரைவர், இது எங்க மாமனாரு பல்செட்டு, நசுக்கிடாதீங்க."

கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மனுசன் நடமாடற அடகுக்கடை ஆயிட்டாரு. சட்டப்பை பிதுங்குது, பேன்ட்டு பை பிதுங்குது. உக்காந்தா எங்கயோ ஒரு போனு மணியடிக்குது, எந்திரிச்சா அது நிக்குது. செருப்பு மட்டும் ஒரு கல்யாண மண்டப வாசல் அளவுக்குக் கெடக்கு.

"மாமா, நீங்க போகல?"ன்னு கேட்டேன்.

"எங்கடா?"

"அருவிக்குத்தான்."

"இத்தனையும் மாட்டிக்கிட்டா?"

"போன தடவ வந்தப்ப போயிருப்பீங்கல்ல?"

"போன தடவ வேற வாட்சு."

நான் வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

"அந்தத் திருப்பம் வரைக்கும் போயிருக்கேன் மாப்ள. கக்கூசு அங்கதான் இருக்கு. அதுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியாது. வாலுகிட்ட சொல்லித் தொலைச்சுடாத. அது கேக்கும்போதெல்லாம் நான் கத சொல்லி வச்சிருக்கேன். மூணு அருவி ஒண்ணாச் சேந்து விழும், பக்கத்துல போனா பேசறது கேக்காதுன்னு. எல்லாம் பாசஞ்சருங்க பேசிக்கிட்டது."

வாலுங்கறது அவரு மக. பேருக்கேத்த பொண்ணு.

அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்த அருவித் தண்ணி கொதிச்சு ஆவியாப் போயிருக்கணும். இத்தன வருசமா ஊரையே கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டின மனுசன் கக்கூசு வரைக்குந்தான் பாத்திருக்காருன்னா, இது எந்த ஊரு நியாயம்? ஒரு பயலுக்காவது, "டிரைவரே, நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்"னு வாய் வந்துச்சா?

மாமா என்னைச் சமாதானப்படுத்தினாரு. "விடு மாப்ள. ஒரு நாளு நம்ம குடும்பத்தோட வருவோம்ல. அப்ப யாரும் என்னை டிரைவர்னு கூப்பிட மாட்டாங்க."

அந்த நாளும் வந்துச்சு. பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பமா எங்கயாவது போகணும்னு பெரிய அக்கா வீட்ல கூடிப் பேசினோம். வேன் ஓனரு நல்லவரு, ரெண்டு நாளைக்குச் சும்மாவே வண்டி தர்றேன்னுட்டாரு. ஆனா மாமாவத் தவிர வேற கை ஸ்டியரிங்ல படக்கூடாது. மாமாவுக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல. ஓட்டறது அவருக்கு நடக்கற மாதிரி.

பெரிய அக்கா வீட்டுக்காரர நாங்க மேனேஜருன்னு கூப்பிடுவோம். ஆபீஸ்ல இல்ல, வீட்ல. ஆபீஸ்ல அவரு வாயத் தொறந்தா கொசுகூட எடத்த விட்டு நகராது. அந்தக் கொறையெல்லாம் எங்ககிட்ட வந்துதான் தீத்துக்குவாரு. அன்னிக்கும் ஹால் நடுவுல நின்னு, கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, போருக்கு ஆளனுப்பற மாதிரி ஆரம்பிச்சாரு.

"மொத நாளு அருவி. ரூம் சாயங்காலந்தான் தருவானுங்க. மறுநாள் ரூமக் காலி பண்ணிட்டு வர்ற வழியில ஏரி. ரெண்டு எடத்துலயும் சாமான் வண்டியிலதான் இருக்கும். பின் கதவு பூட்டு வேற சரியில்ல. அதனால வண்டி, சாமான் ரெண்டும் சகலை பொறுப்பு."

நான் விடுவேனா. "அவரு குளிக்க வர வேண்டாமா?"ன்னேன்.

"அவருக்கென்னப்பா, பாத்துப் பாத்துப் புளிச்சுப் போயிருக்கும். நமக்குத்தான் அது அருவி. அவருக்கு அது ஆபீசு."

எல்லாரும் சிரிச்சாங்க. மாமா பொண்டாட்டி, அதாவது என் கூடப் பொறந்த சின்ன அக்கா, அவளும் சிரிச்சா. வாலு எந்திரிச்சு நின்னு, "எங்கப்பா நூறு தடவ பாத்திருக்காரு. மூணு அருவி ஒண்ணா விழும்"னு பெருமையாச் சொல்லுச்சு.

மாமா என்னைப் பாத்தாரு. வாயத் தொறந்த, தொலைச்சுப்புடுவேன்னு இருந்துச்சு அந்தப் பார்வை. மூடிக்கிட்டேன். நான் வாய மூடிக்கிட்டு இருக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு என் கடையில ஒரு தடவ பஞ்சர் ஒட்டினவங்களக் கேட்டாத் தெரியும்.

கெளம்பற அன்னிக்கு, விடிஞ்சதும் வேன் வந்து பெரிய அக்கா வீட்டு வாசல்ல நின்னுச்சு. உள்ளேருந்து சாமான் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. வீடு மாத்தறாங்கன்னு நெனச்சு எதிர்வீட்டுக்காரரு வந்து, "வாடகைக்கு விடுவீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ஆளுக்கொரு தலகாணி. மடக்கு நாற்காலி ரெண்டு. மேனேஜருக்குத் தனியா ஒரு பெட்டி. அதத் தூக்கறப்ப எனக்கு நடு முதுகுல படக்குன்னுச்சு.

"என்ன மாமா இருக்கு இதுல, இன்ஜினா?"

"இஸ்திரிப் பெட்டி."

"அருவியில நனையறதுக்கு எதுக்கு மாமா மடிப்புக் கலையாத சட்ட?"

"நனையறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ இருக்குல்ல, அதுக்குத்தான்"னாரு. மொகத்துல சிரிப்பே இல்ல.

டிரைவர் மாமா வேன் கூரை மேல நின்னு ஒவ்வொண்ணா வாங்கி அடுக்கினாரு. கனமானதெல்லாம் நடுவுல, லேசானதெல்லாம் ஓரத்துல. தார்ப்பாய விரிச்சு, கயித்த இழுத்துக் கட்டினாரு. கைய ஒதறிக்கிட்டே எறங்கி வந்து, "எல்லாரோடதும் ஏறியாச்சு. என் பை எங்க?"ன்னு கேட்டாரு.

சின்ன அக்கா சாதாரணமாச் சொன்னா, "டிரைவர் சீட்டுக்கு அடியில கவர்ல வச்சுட்டேங்க. நீங்க எப்பவும் அப்படித்தான கொண்டு போவீங்க."

மாமா குனிஞ்சு எடுத்தாரு. மளிகை சாமான் வாங்கின பழைய பிளாஸ்டிக் கவரு. உள்ள ஒரு சட்ட, ஒரு பிரஷ்சு, தேஞ்சுபோன சோப்பு ஒண்ணு.

"துண்டு எங்க?"

"துண்டா? நீங்க எங்க குளிக்கப் போறீங்க? சாமானப் பாத்துக்கணுமேங்க."

அக்கா கெட்ட எண்ணத்துல சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. தலகாணிக்குக்கூட உறை மாத்திக் கொண்டுவந்தவங்க, கட்டின புருசனுக்கு ஒரு துண்டு வைக்கல. ஊரான் டிரைவர்னு சொன்னா அது பொழப்பு. வீட்டுக்காரங்களே சொன்னா அதுக்கு என்ன பேரு வைக்கிறது?

மாமா கவர சீட்டு மேல வச்சாரு. திரும்பவும் ஏணியில ஏறினாரு. கயித்த அவுத்தாரு. தார்ப்பாயச் சுருட்டினாரு. ஒவ்வொரு பையா எறக்கித் தெருவுல வைக்க ஆரம்பிச்சாரு.

"சகலை, என்ன பண்றீங்க?"ன்னு மேனேஜரு பதறினாரு.

"எறக்கறேன்."

"அது தெரியுது. ஏன்?"

"சாமான் இருக்கறதாலதான காவலுக்கு ஆள் வேணும்? சாமான் இல்லாத வண்டியில எவன் என்னத்தத் திருடப் போறான்? ஆளுக்கு ஒரு கவரு. அதுல எது அடங்குதோ அது போதும். அதக் கையோட எடுத்துக்கிட்டே அருவிக்குப் போகலாம்."

"வெளையாடாதீங்க. நீங்க பாக்காத அருவியா?"

மாமா ஒரு நாற்காலியக் கையில புடிச்சுக்கிட்டுக் கூரை மேல அப்படியே நின்னாரு. தெருவுல பாதிப்பேரு வாசல்ல நிக்கறாங்க. அவரு மகளப் பாத்துச் சொன்னாரு.

"பாத்ததில்ல."

யாருக்கும் வெளங்கல.

"நூறு தடவ போயிருக்கேன். ஒரு தடவகூடப் பாத்ததில்ல. உங்கள மாதிரிதான் அவங்களும், வண்டியப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

வாலு அண்ணாந்து பாத்துக்கிட்டே, "அப்ப மூணு அருவி?"ன்னு கேட்டுச்சு.

"தெரியாதும்மா. போயி எண்ணிப் பாக்கலாம்."

சின்ன அக்கா மூஞ்சி செத்துப் போச்சு. "இத மொதல்லயே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"ன்னு கேட்டா.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்"னாரு மாமா.

நானும் அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்ததையெல்லாம் அவுத்து விட்டேன். பல்செட்டு வரைக்கும் சொன்னேன். சின்ன அக்கா தன் பையக் கவுத்துக் கொட்டினா. ரெண்டு துணி எடுத்துக்கிட்டா, வீட்டுக்குள்ள போயி ஒரு புதுத் துண்டு கொண்டாந்து மாமா கையில குடுத்தா. அப்புறம் பெரிய அக்கா குனிஞ்சா. அப்புறம் பசங்க. தலகாணியெல்லாம் வரிசையா வீட்டுக்குத் திரும்பிப் போச்சு. நாற்காலியும் போச்சு.

மேனேஜரு மட்டும் பெட்டி மேல உக்காந்துட்டாரு. "என் பெட்டி வராம நான் வரமாட்டேன்."

பெரிய அக்கா, "அப்ப இருந்துக்கங்க"ன்னா. அவரு அத எதிர்பாக்கல.

டிரைவர் மாமாதான் எறங்கி வந்து சொன்னாரு, "பெட்டி வரட்டும் சகலை. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. உங்க பெட்டி, உங்க பொறுப்பு. அவ்வளவுதான்."

மேனேஜரு மொகம் மலந்துச்சு. அங்க போனதும் பாத்துக்கலாம், மனுசன் இளகிடுவாருன்னு கணக்குப் போட்டிருக்காரு. வழி பூரா முன் சீட்டுல உக்காந்து, இந்தத் திருப்பம் பாத்து, அந்த லாரி பாத்துன்னு டிரைவருக்கே வழி சொல்லிக்கிட்டு வந்தாரு.

பார்க்கிங்ல வண்டி நின்னுச்சு. மாமா சாவிய எடுத்துப் பேன்ட்டுல போட்டுக்கிட்டாரு, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டாரு, வாலு கையப் புடிச்சுக்கிட்டாரு. மேனேஜரு வாட்சக் கழட்டி நீட்டினாரு.

"நான் குளிக்கப் போறேன் சகலை. நனைஞ்சுடும்."

"அப்ப என் பெட்டி?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

அவரு பெட்டியப் பாத்தாரு, பின் கதவப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. பெட்டிய விட்டுட்டு வந்திருக்கலாம். தலையில வச்சுக்கிட்டுக்கூட வந்திருக்கலாம். வீம்பு விடல. இருந்துட்டாரு. ஆளு இருக்காருன்னு தெரிஞ்சதும் நாங்க சும்மா இருப்போமா? பெரிய அக்கா செயினக் குடுத்தா. பசங்க போனக் குடுத்தாங்க. நான் என் செருப்பக் குடுத்தேன். அது பிஞ்ச செருப்பு, எவனும் திருட மாட்டான். இருந்தாலும் குடுத்தேன்.

அந்தத் திருப்பத்துக்கிட்ட வந்ததும் மாமா நடை கொஞ்சம் மெதுவாச்சு. அப்புறம் தாண்டிட்டாரு.

அருவி ரெண்டுதான் இருந்துச்சு. மூணு இல்ல. எண்ணறதுலகூட ஏமாத்தியிருக்கானுங்க அந்தப் பாசஞ்சருங்க. மாமா உடனே தண்ணியில எறங்கல. பாறை மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்குப் பொறுமையில்ல.

"என்ன மாமா, இதுக்கா இம்புட்டுச் சண்ட போட்டீங்க?"

அவரு திரும்பாமலே சொன்னாரு, "கீழ வண்டிக்குள்ள படுத்திருப்பேன்ல மாப்ள, மேல பெருசா மழ பெய்யற மாதிரியே கேக்கும். ஒவ்வொரு தடவயும் கண்ணாடிய ஏத்தி விடுவேன், சீட்டு நனைஞ்சுடக் கூடாதுன்னு."

சட்டையோடயே எறங்கிட்டாரு. சின்ன அக்கா கரையில நின்னு கூப்பிட்டுப் பாத்தா, தொண்ட கட்டினதுதான் மிச்சம். வாலு அவரு முதுகுல தொத்திக்கிச்சு. மலையில தண்ணி தீந்தாத்தான் இந்த மனுசன் வெளிய வருவாரு போலன்னு நாங்க பாறையில உக்காந்துட்டோம்.

ஊருக்கு வந்து இத்தன நாளாச்சு, மேனேஜரு இன்னும் அடங்கல. கல்யாணம், காதுகுத்துன்னு எங்க போனாலும் இதே பேச்சுதான். "அவ்வளவு தூரம் போயும் நான் அருவியப் பாக்கலங்க. பார்க்கிங்லயே உக்கார வச்சுட்டாங்க. வாட்சு, போனு, செருப்புன்னு எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு அவங்க மட்டும் குளிச்சுட்டு வர்றாங்க. மனுசனுக்கு மனுசன் செய்யற காரியமா இது?"ன்னு சொல்றாரு, கேக்கறவங்க கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

போன வாரம் என் கடைக்கு வந்து என்கிட்டயே சொன்னாரு. டியூப அமுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டேன். "ரொம்ப அநியாயம் மாமா. இன்னும் நல்லா சத்தமாச் சொல்லுங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சேன்.