பூட்டிய பேருந்தில் நாற்பது நிமிடம்

பிப்ரவரி 8, 2025 – ரூ. 700
பிப்ரவரி 22 – ரூ. 700
மார்ச் 8 – ரூ. 700
மார்ச் 22 – ரூ. 700
ஏப்ரல் 5 – ரூ. 700
ஏப்ரல் 19 – ரூ. 700
மே 3 – ரூ. 700
அதே நாள் – ரூ. 35
மே 12 – ரூ. 18,000

எழுநூறு ரூபாய்கள் நடத்துநர் திருநாவுக்கரசு ஓர் ஆலோசகருக்குக் கைப்பேசி வழியே கட்டியவை. முப்பத்தைந்து ரூபாய் ஒரு பேருந்துச் சீட்டு. கடைசித் தொகையை அவர் மனைவி கட்டினார். நான் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநாவுக்கரசு எங்களுக்கு அரசு; அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அரசுவுக்கு நாற்பத்து நான்கு வயது. கடலூர்–சிதம்பரம் தடத்தில் வேலை. மனைவி ஜெயராணி மஸ்கட்டில் செவிலியர்; போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் வினோதினி, எட்டாம் வகுப்பு. கடலூர் முதுநகரில் வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வாரத்தில் இரண்டு இரவு அவர் வண்டியோடு வெளியூரில் தங்க வேண்டும். அன்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்து வினோதினிக்குத் துணையாகப் படுத்துக்கொள்வார்.

ஜனவரியில் ஒரு நாள் அப்படித் தங்கிவிட்டுக் காலையில் வீடு திரும்பியபோது மகள் பள்ளிக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். "ஏன் போவல?" என்று கேட்டார். அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை அறைந்துவிட்டார். இரவில்தான் அவள் பெரியவளாகியிருந்தாள். எங்கள் பக்கத்தில் அதைப் பெண் அம்மாவிடம் சொல்வாள், அம்மா அத்தைமாருக்கும் தாய்மாமனுக்கும் சொல்லி அனுப்புவாள், அப்பாவுக்குக் கடைசியாகத் தெரியும். அம்மா மஸ்கட்டில் இரவுப் பணியில் இருந்தார். அன்று சாயங்காலம் ஜெயராணி போனில் சொல்லித்தான் அரசுவுக்கு விஷயம் தெரிந்தது.

அன்றோடு மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு போட்டு வைப்பாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: பரீட்சை முடிந்ததும் என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிடு.

"மே மாசத்துக்குள்ள அவ ஒங்ககிட்ட நல்லபடியா பேசி, வீட்லயே இருக்கேன்னு சொன்னா இருக்கட்டும்" என்றார் ஜெயராணி. "இல்லன்னா நான் பணத்தக் கட்டிடுவேன். நீங்க என்னா பண்ணுவீங்களோ தெரியாது." அந்தக் கையோடு பெற்றோருக்கு இணையவழியில் ஆலோசனை சொல்லும் காயத்ரி என்பவரின் எண்ணையும் அனுப்பினார்.

காயத்ரியின் நிபந்தனை ஒன்றுதான்: பேசும்போது வேறு யார் காதிலும் விழாத இடமாக இருக்க வேண்டும். வீட்டில் அப்படி இடம் இல்லை, பணிமனை ஓய்வறையில் எந்நேரமும் பத்துப் பேர். மிஞ்சியது வண்டி. சனிக்கிழமை மதியம் சிதம்பரத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும். நிலையத்தின் கோடியில் வண்டியை விட்டு, கண்ணாடிகளை இறக்கி மூடி, கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். வெளியே வாசலில் நான் நிற்பேன்.

வெயிலில் அந்தத் தகரக் கூட்டுக்குள் வேர்த்து ஊற்றும்.

"எப்படி இருக்கீங்க சார்?" என்று முதல் நாள் காயத்ரி கேட்டிருக்கிறார்.

"கரெக்டா இருக்கு மேடம். டிக்கெட்டும் காசும் டேலி ஆயிடுச்சு."

"உங்களத்தான் சார் கேட்டேன்."

"அத யாரும் கேக்க மாட்டாங்க மேடம்" என்றாராம்.

வெளியே என் பாடு வேறு. வண்டி இப்போது கிளம்பாது என்றால் பயணிகள் யார் நம்புகிறார்கள்?

"கண்டக்டரு உள்ளதான குந்தியிருக்காரு? அப்ப எடுக்கப் போறாருன்னுதான அர்த்தம்!" என்று கதவைத் தட்டுவார்கள். டிரைவர் இல்லையே என்று காட்டினால்தான் நகர்வார்கள்.

மார்ச் 22 அன்று எனக்கும் அவருக்கும் தெரியாமல் உள்ளே ஓர் ஆள் இருந்தார். தேவனாம்பட்டினத்து அமிர்தம். காலையில் சிதம்பரத்தில் மீன் விற்றுவிட்டு இந்த வண்டியில்தான் ஊர் திரும்புவார். கூடையைத் தலைக்கு வைத்துக் கடைசி இருக்கையில் தூங்கிப்போயிருக்கிறார். அரசு அறைந்த கதையைச் சொல்லி அழுதபோது விழித்துக்கொண்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லுய்யா, வண்டியில நானும் ஒருத்தி இருக்கேன்னு."

அரசு போனைக் கீழே போட்டுவிட்டார்.

"பயப்படாத, நான் வெளிய சொல்ல மாட்டேன். ஏன்யா, பொட்டப்புள்ளய ராத்திரி பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒப்படைச்சிட்டு நீ ஊரு ஊரா தங்குனா அது யாருகிட்ட சொல்லும்? மொதல்ல அந்த டூட்டிய மாத்தச் சொல்லி எழுதிக் குடு."

காயத்ரி அதைக் கேட்டுவிட்டு, "அவுங்க சொல்றது சரிதான் சார்" என்றார்.

இரவுத் தங்கல் இல்லாத பணி கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். மே 31-ல் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் காலியானால்தான் தர முடியும் என்று அலுவலகத்தில் வாய்வழியே சொன்னார்கள். நியாயமான பதில்தான். ஆனால் ஜெயராணியின் கெடுவும் அதே மே மாதம்.

ஏப்ரல் முழுக்கக் காயத்ரி அவரைப் பழக்கினார். மகளிடம் ஏன், எங்கே, எப்போது என்று விசாரிக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். அவளாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவருக்கு இது கடினம். அப்படியும் முயன்றார். மே 3 அன்று நடக்கும் அமர்வில் தானும் கலந்துகொள்வதாக வினோதினி அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். அரசு அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

கடலூரில் மகள் அவர் வண்டியிலேயே ஏறினாள். நல்ல கூட்டம். அரசு விரல் நடுவில் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, முன்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாக இயந்திரத்தோடு வந்தார். ஜன்னலோரம் இருந்தவளிடமும் வந்தார்.

"எங்க போவணும்?"

வினோதினி நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது ரூபாயை நீட்டினாள். "சிதம்பரம் ஒண்ணு."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பாக்கிப் பதினைந்து ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். அடுத்த இருக்கைக்குப் போன பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பினார். பின்னால் ஆட்கள் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் கதவைக் கட்டியதும் காயத்ரி, "வினோதினி, அப்பாகிட்ட உனக்கு என்ன சொல்லணும்மா?" என்று கேட்டார்.

அவள் சீட்டைப் போன் கேமராவில் காட்டினாள். "எங்க போவணும்னு கேட்டாரு. சில்லறயும் கரெக்டா குடுத்தாரு. அவுருமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல மேடம். நான் ஹாஸ்டலுக்குப் போறேன்."

"டிக்கெட் குடுக்காம இருந்தா ரூல் படி தப்பு பாப்பா..." என்று அரசு தொடங்கினார்.

"தெரியும்ப்பா."

சீட்டுக் கேட்டதைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து மகள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு விஷயம் கேள்விப்பட்ட அமிர்தம், "பெத்த பொண்ண எங்க போறன்னு கேட்டு டிக்கெட் போட்ட ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்றார். அரசு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மே 12-ல் ஜெயராணி விடுதிக்குப் பணம் கட்டினார். இன்னொரு மாதம் பொறுக்கச் சொல்லி அரசு கேட்டுப் பார்த்தார். "அவ பேசிட்டாளே, போறேன்னுதான பேசுனா" என்றார் ஜெயராணி.

ஜூன் 2, பள்ளி திறந்த நாள். அரசு விடுப்பு எடுத்துக்கொண்டு மகளை விருத்தாசலத்தில் இருக்கும் விடுதிக்கு அழைத்துப் போனார். வேறொரு நடத்துநரிடம் இரண்டு சீட்டு வாங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் அவளாகவே, "நீ ஒக்காந்து வந்து இப்பதாம்ப்பா பாக்குறேன்" என்றாள். இறங்கும்வரை அவர் அசையாமல் இருந்தாராம்.

மனுவுக்குப் பதில் எழுத்தில் வந்தது. காலை ஐந்து முதல் பகல் இரண்டு வரை முதல் முறைப் பணி. இரவுத் தங்கல் கிடையாது. ஓராண்டுக்கு மாற்றம் கோர இயலாது. இப்போது தினமும் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்த தேதி: ஜூன் 4, 2025.