ஜப்பான் இன்ஜின் போட்ட குட்டியானை

இன்ஜின் மெக்கானிக்காக இருப்பவன் நட்டு போல்ட்டைக் கழற்றுகிற நேரத்தைவிட, வண்டிக்காரர்கள் அடிக்கும் பெருமையைக் கேட்டுத் தலையாட்டுகிற நேரம்தான் அதிகம். பழவேற்காடு கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தலையாட்டும் வேலையைச் செய்துவருகிறேன். படகு டீசல் இன்ஜின், லோடு வண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் என் கடைக்கு வரும். கூடவே கதைகளும் வரும். நீங்களும் ஸ்பேனர் பிடிக்கிறவராக இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். இல்லாவிட்டாலும், "என் வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது தெரியுமா?" என்று ஆரம்பிக்கிற ஒரு மச்சானோ சித்தப்பாவோ உங்கள் வீட்டிலும் இருப்பார். அந்த உரிமையில்தான் வினோத்தின் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

தள்ளுவண்டி

வினோத் பக்கத்துத் தோணிரேவுக்காரன். வயது இருபத்துமூன்று. ஏரியில் பெண்கள் கையால் தடவிப் பிடிக்கும் இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி, பொன்னேரி பக்கம் இருக்கும் இறால் கம்பெனிக்குக் கொண்டுபோவது அவன் வேலை. வண்டி, குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அது ஒரு தடவை இரண்டு வாரம் கண்ணில் படவே இல்லை. திடீரென்று ஒரு காலையில் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்றது.

"இன்ஜின மாத்திட்டேண்ணா. ஜப்பான் கார் இன்ஜின். டர்போ. சென்னையில ஒரு ஆள் போட்டுக் குடுத்தாரு. மிதிச்சா சும்மா பறக்குது" என்றான். எனக்குச் சத்தம் கேட்ட இடம் சரியாகப் படவில்லை. குட்டியானைக்கு இன்ஜின் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில்; இந்த உறுமலோ சைலன்ஸர் முனையிலிருந்து வந்தது. "சீட்டத் தூக்கு, பாக்கலாம்" என்றேன். "ஐயோ, சீல் வெச்சிக்கீறாங்கண்ணா. தொறந்தா வாரன்டி போயிடும்" என்றான். பக்கத்துக் கடை வெல்டர் பாஷா பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்துவந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

"டர்போவாவே இருக்கட்டும் தம்பி, அத்த ஸ்டார்ட் பண்ண இன்னாத்துக்குப் பின்னால ரெண்டு பேரு தள்ளிகினு வர்றாங்க?"

பாலத்தில் ஒரு பந்தயம்

அடுத்த வாரம் லைட்ஹவுஸ் பக்கம் ஒரு படகு இன்ஜினைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிப் பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு முன்னால் வினோத்தின் வண்டி. உறுமல் என்னவோ சிங்கம்போலத்தான் இருந்தது. வேகத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் வேண்டுமென்றே பைக்கை மெதுவாக ஓட்டி, பின்னாலேயே போனேன். பெட்டிகள் காலி, பாரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்போது மொபெட்டில் மீன் கூடை கட்டிய ஒரு பெரியவர் என்னையும் தாண்டிப் போய், வினோத்தின் ஜன்னலை ஒட்டி வந்தார். ஊர் முழுக்கப் பரவிய செய்தி அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மரியாதையாகவே கேட்டார்.

"ஜப்பான் வண்டின்னு சொன்னாங்க. நான் ஓரமா நின்னு வழி வுடணுமா நைனா, இல்ல முன்னால போயிடட்டா?"

எனக்கும் ஒண்ணு

இதெல்லாம் பார்த்த பிறகும் ஊர் நம்பியது. அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. சுண்ணாம்புக்குளத்திலிருந்து கோதண்டம் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். பத்து வருஷமாக அவருடைய படகு இன்ஜினை நான்தான் பார்க்கிறேன். "என் போட்டுக்கும் அந்த ஜப்பான் இன்ஜின் ஒண்ணு போட்டுக் குடு" என்றார். கார் இன்ஜின் உப்புத்தண்ணீருக்கு ஆகாது, எடை வேறு, படகு பின்பக்கமாக அமிழும் என்று கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். கடைசியாக, வினோத் அப்படி ஒரு இன்ஜினைப் போட்டதாகவே எனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சொல்லிவைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு சேகரு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான் வினோத்தயே கேட்டுக்கறேன்."

முனியம்மாக்கா சொன்ன சாட்சி

அதற்குமேல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் காது கெட்டுவிட்டதா? தோணிரேவுக்கு ஒரு வேலையாகப் போனபோது முனியம்மாக்காவைத் தேடிப் பிடித்தேன். ஏரியில் இறங்கி இறால் பிடிக்கிற பெண்களுக்கு அவர்தான் பேச்சாளர். எந்த வண்டியில் பெட்டி ஏற்றுவது என்று அவர் சொன்னால் அதுதான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. வினோத் வண்டி வேகமா போவுதா?"

"போவுதே! முன்னெல்லாம் இவன் வண்டி போயி சேர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சி இறால் தலை கறுத்துப் பூடும். கம்பெனில பாதிய ஒதுக்கிடுவாங்க. தூக்கிக் குடுத்துட்டோமே வேற வண்டிக்கு! இன்ஜின மாத்திட்டேன்னு கால்ல வுழாத கொறையா வந்து நின்னான். போனா போவுதுன்னு ஏத்துனோம். இப்ப கம்பெனி கேட்டத் தொறக்கறதுக்குள்ள வாசல்ல நிக்கறானாம். ஒரு இறால் கூடக் கழிவு இல்ல."

பாலத்தில் மொபெட்டிடம் தோற்ற வண்டி எப்படி எல்லோருக்கும் முன்னால் பொன்னேரிக்குப் போகும்? வழியில் டீக்கடையைக் கண்டால் இறங்கிவிடுகிறவன், இப்போதும் நிற்கிறானா என்று கேட்டேன். கேரம் போர்டு பக்கம்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்றார். செல்போனை நோண்டுவதும் நின்றுவிட்டதாம். வண்டியைத் தினமும் கழுவுகிறானாம். சொல்லச் சொல்ல முனியம்மாக்காவுக்கே ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இன்ஜின மாத்துனானோ இல்லையோ, அது எனுக்குத் தெரியாது சேகரு. ஆள மாத்திட்டாங்க."

சீட்டுக்கு அடியில்

வாரன்டி சீலை உடைக்கும் நாள் தானாகவே வந்தது. கடைத்தெரு முனையில் வண்டியின் ஃபேன் பெல்ட் அறுந்துபோனது. கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்த வினோத், சாவியை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் பேசாமல் சீட்டைத் தூக்கினேன். உள்ளே பளபளவென்று சிவப்புப் பெயின்ட். பெயின்டுக்கு அடியில் பழைய இன்ஜின். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உடைந்த பிராக்கெட்டுக்கு மாற்றாக நானே அறுத்து, பாஷா பாய் வெல்டு வைத்துக் கொடுத்த இரும்புத்துண்டு, அதுவும் சிவப்பாக, என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஜப்பான்ல கூட நம்ம பாஷா பாய்தான் வெல்டிங்கா?" என்றேன்.

அவன் தலையைத் தொங்கப்போட்டான். வண்டி வெளியூர் ஷெட்டில் இருந்த இரண்டு வாரத்தில் நடந்தது பிஸ்டன் ரிங் மாற்றுகிற சாதாரண வேலைதான்; உறுமலுக்கு ஒரு சத்தக்கார சைலன்ஸர், மேலே சிவப்புப் பெயின்ட். என்னிடம் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அங்கே போயிருக்கிறான். முனியம்மாக்காவும் மற்றவர்களும் இறாலை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவன் அப்பா இடுப்பு வலியோடு படுத்திருக்கிறார். அவர் ஏரிக்குப் போய் மாசக்கணக்கு ஆகிறது. இந்த வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். "இனிமே ஒழுங்கா வர்றேன்னு சொன்னா யாருண்ணா நம்புவாங்க? அத்த நூறு தபா சொல்லிட்டேன். இன்ஜின மாத்திட்டேன்னு சொன்னா ஒடனே நம்பிட்டாங்க" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, புது பெல்ட்டை மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பிய பிறகும் அவன் முகம் தெளியவில்லை.

"டர்போன்னு ஒரே ஒரு பொய்தாண்ணா சொன்னேன், அத்தக் காப்பாத்த முன்னாடியே எழுந்து எழுந்து தினிக்கும் அர மணி நேரம் தூக்கம் பூடுச்சு."

மெதூர் வரை

நான் வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் அந்தப் பொய்க்கு ஆயுசு ஒரு மாசம்தான்.

ஒரு நாள் காலை தோணிரேவுக் கரையில் ஒரு படகு இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த கோதண்டத்தின் படகும் பக்கத்தில் நின்றது. படகின் புரொப்பல்லர் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதால் அவர் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஜினை முழுசாக அணைக்கவில்லை. கியர் நழுவி விசிறி ஒரே ஒரு சுற்று சுற்றியது. அவர் கத்தவில்லை, கையைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் கொட்டியது. நான் துண்டை இறுக்கிக் கட்டினேன். முனியம்மாக்கா ஓடிவந்து, தன் முந்தானையைச் சுருட்டிக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

கரையில் இருந்தது ஒரே வண்டி. வினோத் அப்போதுதான் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தான். "ஜப்பான் வண்டி கீது! தூக்குங்கப்பா! பத்து நிமிஷத்துல பொன்னேரி ஆஸ்பத்திரி!" என்று கூட்டம் கத்தியது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப்போன ஒருவரைக்கூட "அதுலாம் எதுக்கு? அது வர்றதுக்குள்ள வினோத் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான்" என்று தடுத்துவிட்டார்கள். நான் வினோத்தைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. என் வாக்கை உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவனே கத்தினான். "போன் போடுங்க! இது பழைய இன்ஜினுதான். நான் சொன்னது பொய்யி. அம்பதுக்கு மேல போவாது. ஆம்புலன்ஸ எதிர்ல வரச் சொல்லுங்க. பாதி வழில மெதூர்ல நிக்கட்டும், அதுவரைக்கும் நான் கொண்டாந்துடறேன்!"

காயத்தை அழுத்திய கையை எடுக்காமலேயே முனியம்மாக்கா சொன்னார், "இன்னா பாத்துகினு நிக்கறீங்க? போன் போடு. பொட்டியெல்லாம் எறக்குங்க, வண்டி லேசாவட்டும்." பெண்கள் அன்று பிடித்த பாடு முழுக்க அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நானும் முனியம்மாக்காவும் பின்னால் உட்கார்ந்து கோதண்டத்தை மடியில் கிடத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டோம். வினோத் ஐம்பதைத் தாண்டவில்லை. தாண்டவும் முடியாது. ஆனால் எங்கும் நிற்கவும் இல்லை. தினமும் ஓட்டுகிற ரோடு. எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தடையை எந்த ஓரத்தில் ஏறினால் தூக்கிப்போடாது என்று அவனுக்கு அத்துப்படி. என் துண்டின் கட்டு ஒரு தடவைகூட நழுவவில்லை. கோதண்டத்தின் கண் அடிக்கடி சொருகியது. "தூங்காதய்யா, பேசிகினே வா" என்று முனியம்மாக்கா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். ஆம்புலன்ஸ் வந்து நிற்காவிட்டால் என்ன செய்வது என்று நான் முன்னால் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெதூரில் அது விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது வினோத் கோதண்டத்தின் காலடியில் நின்று கை கூப்பி, "மன்னிச்சிக்கண்ணா, வேகமா போவ முடியல" என்று விம்மினான். கோதண்டம் கண்ணைத் திறந்து அவனைத் தேடினார்.

"டேய், நீ மட்டும் நூறுல வந்திருந்தா என் கை ஒரு பக்கம் வுழுந்திருக்கும், நான் ஒரு பக்கம் வுழுந்திருப்பேன்."

பெட்டி

கோதண்டத்தின் கையைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு விரல் மட்டும் இன்னும் சரியாக மடங்குவதில்லை. அன்று இறக்கி வைத்த பெட்டிகளில் பாதி இறால் கெட்டுப்போனது. அதைப் பற்றி யாரும் வினோத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவனைப் போட்டு வாட்டியது. மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டச் சொல்லி என்னிடம் வந்தான். "இனிமே யாரு என் வண்டில ஏத்துவாங்க? வித்துடலாம்னு கீறேண்ணா" என்றான். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். சைலன்ஸரை மாட்டிக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கலாம் வா என்று பொய் சொல்லி, தோணிரேவுக்கே வண்டியை விடச் சொன்னேன்.

கரையில் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பெண்கள் ஈரச் சேலையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் வந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. வினோத் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் "அக்கா... அந்த இன்ஜின் விஷயம்..." என்று இழுத்தான். முனியம்மாக்கா திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இன்ஜின் கதையெல்லாம் அப்பால பேசிக்கலாம், மொதல்ல பொட்டியத் தூக்கு, ஐஸ் கரையுது."

நானும் எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், ஆனால் ஒரு பொய்யை இவ்வளவு ஒழுங்காகப் பராமரித்து, நேரத்துக்கு எடுத்து ஓட்டிய டிரைவரை என் சர்வீஸில் ஒரே ஒருத்தனைத்தான் பார்த்திருக்கிறேன்.